கட்டியா, கிட்னியா?

மும்பை முலுண்டின் ஸ்டேஷன் ரோட்டிலும் எல்.பி.எஸ். மார்க்கிலும் சோனோகிராஃபி சென்டர்களுக்குக் குறைவில்லை. அடிவயிற்றில் வலி என்றால், தண்ணீர் குடித்துக் காத்திருந்து ஒரே நாளில் ரிப்போர்ட் வாங்கிவிடலாம். ‘இடுப்புக்குழியில் கட்டி, எதிலிருந்து வந்ததென்று தெரியவில்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், வீடே ஆடிப்போகும். புற்றுநோய் வரை எண்ணம் ஓடும்; இடம் மாறிய சிறுநீரகமாக இருக்குமோ என்று மட்டும் தோன்றாது. கருவில் சிறுநீரகம் உருவாவதே இடுப்புக்குழியில்தான். ஆறாவது வாரம் தொடங்கி ஒன்பதாவது வாரத்துக்குள் அது மேலேறி முதுகுப்புறத்தில் அமர்கிறது. ஏறத்தாழ 2,000 முதல் 3,000 பேரில் ஒருவருக்கு ஏறாமல் கீழேயே நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அதனால் தொந்தரவில்லை. சிறுநீரக மாற்று அறுவையில் புதுச் சிறுநீரகத்தைப் பொருத்துவதும் அடிவயிற்றில்தானே!

ஆபத்து கத்தியில் இருக்கிறது. நியூயார்க்கில் இப்படி இடம் மாறிய சிறுநீரகம் ஒன்றை வெட்டியெடுத்தார்கள். அந்த நோயாளிக்கு இருந்ததே அந்த ஒன்றுதான், பதினோராம் நாள் உயிர் போயிற்று. 1883இல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. அன்று ஸ்கேன் கிடையாது, சரி. இன்று இருந்தும் ‘கீழ்வயிறு மட்டும்’ என்று சீட்டு எழுதினால் மேலே யாரும் பார்ப்பதில்லை. அபூர்வமான ஒன்றுக்காக எல்லோருக்கும் நேரம் செலவிட முடியுமா என்பார்கள். எல்லோருக்கும் வேண்டாம், கட்டி தெரிந்தவர்களுக்குப் போதும். கருவியை விலாப்பக்கம் நகர்த்தி இரண்டு சிறுநீரகங்களையும் தேடச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகுமா? ஒரு பக்கம் காலியாக இருந்து, கீழே இருப்பது கறுத்த விளிம்பும் நடுவில் வெளுப்புமாக அவரைவிதை வடிவில் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. அறுவைக்கு முன் சி.டி. எடுக்கையில் எப்படியும் தெரிந்துவிடும் என்று டாக்டர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் சி.டி. வரை போகும் பொறுமை எல்லா இடத்திலும் இருக்கிறதா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை இழந்தவர்கள். நம் மகாராஷ்டிரத்திலேயே பீட் மாவட்டத்தில் கர்ப்பப்பை அகற்றப்பட்ட கரும்பு வெட்டும் பெண்களின் கதை 2019இல் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. ‘எடுத்துவிட்டால் நிம்மதி’ என்ற பேச்சு இவ்வளவு மலிந்த நாட்டில், பெயர் தெரியாத கட்டிக்கு மட்டும் நிதானம் காட்டுவார்கள் என்று எப்படி நம்புவது? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: என் சிறுநீரகம் இரண்டும் எங்கே இருக்கின்றன? பதிலை ரிப்போர்ட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.