காரின் கண்ணாடி ஏறாவிட்டால்

மாட்டு வண்டிக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் கூண்டுக்குள் சற்று உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, வாயிலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக் கொள்வார்கள், அவ்வளவுதான். பின்னர் மோட்டார் கார் வந்தது. அதன் கதவில் சிறு கைப்பிடி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சுற்றினால் கண்ணாடி ஏறும். மறுபக்கம் சுற்றினால் இறங்கும். இன்றோ பெரும்பாலான கார்களில் அந்தக் கைப்பிடியும் மறைந்துவிட்டது. விரல் நுனியால் ஒரு சுவிட்சைத் தொட்டால் போதும், கண்ணாடி தானே ஏறி இறங்குகிறது. இதைப் 'பவர் விண்டோ' என்கிறார்கள். வசதிதான், ஐயமில்லை. ஆனால் வசதி ஒன்று கூடும்போது, பழுதாகக் கூடிய பொருள் ஒன்றும் அதனுடன் வந்து சேருகிறது. அப்பழுதை அறிவது எவ்வாறு, விற்றவர்கள் அதைக் கவனியாவிட்டால் நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

அன்னூரில் என் மனைவியின் தம்பி இருக்கிறார், விவசாயம் செய்பவர். ஓர் ஆவணி மாதத்தில் புதிய கார் ஒன்று வாங்கினார். இரண்டு ஆண்டு வாரண்டி. மறு ஆண்டு ஐப்பசியில், கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் சாலை வழியாக ஊர் திரும்பிக் கொண்டிருந்தார். கோவில்பாளையம் தாண்டியதும் மழை பிடித்துக் கொண்டது. பின்பக்கத்து இடக் கண்ணாடி பாதியளவு இறங்கியிருந்தது. சுவிட்சை அழுத்தினார், கதவுக்குள் ஏதோ உறுமிற்று, கண்ணாடி ஏறவில்லை, முழுவதும் கீழே விழுந்துவிட்டது. அப்பக்கம் அமர்ந்திருந்தவர் அவருடைய தாயார். எழுபது வயதைத் தாண்டியவர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தபடியே வந்த அம்மையார், வீட்டு வாயிலில் இறங்கும்போது, "ஏங்கண்ணு, பழைய வண்டியிலே ஒரு கைப்பிடியாச்சும் இருந்துது" என்றாராம்.

அதன்பின் அவர் வண்டி வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்கு ஐந்து முறை நடந்தார். முதல் முறை, "தூசி அடைத்திருந்தது, துடைத்துவிட்டோம்" என்றார்கள். இரண்டாம் முறை சுவிட்சை மாற்றினார்கள். மூன்றாம் முறை, "நாங்கள் போட்டுப் பார்த்தால் நன்றாகத்தானே ஏறுகிறது!" என்று வியந்தார்கள். நான்காம் முறை, உதிரிப்பாகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். ஐந்தாம் முறை போனபோது, வாரண்டி முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, இனிப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள்.

உற்பத்தியாளருக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். ஐந்து முறை போனதற்கான சீட்டுகளைக் கேட்டேன். இரண்டே இருந்தன. "மற்ற மூன்று எங்கே?" என்றேன். "வாயிலேதானுங்க மச்சான் சொன்னாங்க, நானும் சரின்னுட்டு வந்துட்டனுங்க" என்றார். வண்டியின் பழுது கதவுக்குள் இருந்தது; வழக்கின் பழுது இந்தப் பதிலுக்குள் இருந்தது.

முதலில் கதவுக்குள் இருப்பதைப் பார்ப்போம். மின்மோட்டார் நம் பகுதியினருக்குப் புதிய பொருள் அன்று. 1937-ஆம் ஆண்டிலேயே ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் அவர்களும் கோயம்புத்தூரில் மின்மோட்டார் செய்து காட்டினார்கள். கிணற்றடி மோட்டாரின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடும் பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. கார்க் கதவுக்குள் இருப்பதும் அத்தகைய மோட்டார்தான். ஆனால் கைக்குள் அடங்குமளவு சிறியது, பாட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுவது. சுவிட்சை ஒரு பக்கம் அழுத்தினால் மின்சாரம் ஒரு திசையிலும், மறுபக்கம் அழுத்தினால் எதிர்த் திசையிலும் பாய்கிறது. மோட்டாரும் அதற்கேற்பத் திரும்பிச் சுழல்கிறது. அதன் தண்டில் வார்ம் கியர் எனப் பட்டறைக்காரர்கள் சொல்லும் திருகுப் பற்சக்கரம் இருக்கிறது. மோட்டார் கண்ணாடியை நகர்த்தும். ஆனால் நாம் வெளியிலிருந்து கண்ணாடியை அமுக்கி மோட்டாரைச் சுழற்ற முடியாது. திருடன் கண்ணாடியைக் கையால் தள்ளி இறக்க இயலாதிருப்பது இதனால்தான்.

மோட்டாருக்கும் கண்ணாடிக்கும் இடையே இருப்பது ரெகுலேட்டர். சில கார்களில் அது கத்தரிபோல் மடங்கி விரியும் இரும்புக் கைகள். இக்காலக் கார்கள் பலவற்றில் அது மெல்லிய எஃகுக் கயிறும் சிறு கப்பிகளும். கவலை இறைத்த காலத்தில் கயிறு கப்பியில் ஓடிச் சாலைத் தூக்கி வந்ததே, அதே முறைதான். கயிறு நைந்தாலும், கப்பி உடைந்தாலும், கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கவ்வி தெறித்தாலும், மோட்டார் வீணே உறுமும். கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிடும். சர்வீஸ் நிலையத்தில் சுவிட்சை மாற்றியதனால் என் மைத்துனருக்குப் பயன் விளையாமற் போன காரணம் இப்போது விளங்கும்.

ஆகவே, பழுது எங்கே என்பதை அறியக் காதே முதற் கருவி. மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், பெரும்பாலும் குற்றம் ரெகுலேட்டரில். ஓசையே இல்லாவிட்டால், ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்சால் அதே கண்ணாடியை இயக்கிப் பாருங்கள். அதில் இயங்கினால் குற்றம் அந்தக் கதவின் சுவிட்சில். இரண்டிலும் இயங்காவிட்டால் மோட்டாரையோ, கம்பியையோ ஐயுறலாம். கதவும் வண்டியின் உடலும் சேருமிடத்தில் ஒரு ரப்பர்க் குழாய்க்குள் செல்லும் கம்பிகள், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வளைந்து வளைந்து நாளடைவில் அறுந்துபோவது உண்டு. நான்கு கண்ணாடிகளும் ஒருசேர நின்றுவிட்டால் முதலில் பியூசைப் பார்க்க வேண்டும். கண்ணாடி முக்கி முனகி மெல்ல ஏறினால், அது ஓடும் ரப்பர்த் தடத்தில் மண் சேர்ந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்தாலே பாதி நோய் தீரும். மேலே போய்த் தொட்டவுடன் தானாகவே கீழிறங்கினால், கை நசுங்காமல் காக்கும் பாதுகாப்பு ஏற்பாடு ஏதோ தடை இருப்பதாக எண்ணித் திருப்புகிறது என்று பொருள். பாட்டரியைக் கழற்றி மாட்டியபின் இவ்வாறு நேர்ந்தால், வண்டியின் கையேட்டில் சொல்லியபடி அதற்கு அளவைத் திரும்பக் கற்பிக்க வேண்டும்.

"ஒரு கண்ணாடிக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் எண்ணக்கூடும். 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹோண்டா நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 6,46,000 கார்களைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிச் சுவிட்சில் மழைநீர் இறங்கினால் அது சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். தென்னாப்பிரிக்காவில் கார் ஒன்று தீப்பற்றி ஒரு குழந்தை இறந்த பிறகு வந்த அறிவிப்பு அது. இந்தியாவில் 2007-இல் தயாரான 8,532 ஹோண்டா சிட்டி கார்களும் அதில் அடங்கும். 2012 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் ஏறத்தாழ 74 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அங்கும் குற்றம் கண்ணாடிச் சுவிட்சில்தான். உள்ளே பூச வேண்டிய கிரீஸ் சீராகப் பூசப்படவில்லை. சுவிட்ச் பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று கடையில் விற்கும் எண்ணெயை அதில் விட்டால், அதுவே உருகிப் புகைய இடமுண்டு என்று அந்நிறுவனமே எச்சரித்தது. சுவிட்சுக்குள் தேங்காயெண்ணெய் விடும் அன்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சுவிட்சை அழுத்தும்போது தீய்ந்த நாற்றம் வந்தால், அதைத் திரும்பத் தொடாமல் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துச் செல்வதே அறிவுடைமை.

அந்நாளில் திரும்ப அழைப்பது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரித்து ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் ஒரே குறை பலரால் தெரிவிக்கப்பட்டால், அவற்றைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு கட்டளையிட இப்போது இடமுண்டு. ஒருவர் புகார் செய்யாமல் இருப்பது அவருக்கு மட்டுமே நட்டமன்று. அதே வண்டியை வாங்கிய பிறருக்கும் நட்டம் என்பது இதனால் தெளிவாகும்.

இனிச் சீட்டுக்கு வருவோம். கொங்கு நாட்டில் நாம் எதையும் நாமே பிரித்துச் சரிசெய்யும் கைப்பழக்கம் உடையவர்கள். அது பெருமைக்குரியதே. ஆயினும் வாரண்டி உள்ளவரையில் கதவை நம் பட்டறையில் பிரிப்பது நன்றன்று. "வெளியாள் தொட்டுவிட்டான்" என்று சொல்லிவிட அவர்களுக்கு அது வாய்ப்பாகும். சர்வீஸ் நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், பழுது சிறிதாயினும், ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள். அதில் தேதி, ஓடிய கிலோமீட்டர், நாம் சொன்ன குறை ஆகிய மூன்றும் நம் சொற்களிலேயே இருக்க வேண்டும். "பொதுச் சோதனை" என்று எழுதினால் ஒப்பாமல், "பின் இடக் கண்ணாடி ஏறவில்லை, மூன்றாம் முறை" என்று எழுதச் சொல்லுங்கள். சர்வீஸ் நிலையத்தில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மக்கர் செய்யும் பழுதைக் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். வாரண்டிக்குள் நாம் தெரிவித்த குறை, அவர்கள் நாள் கடத்தியதனாலேயே வாரண்டிக்கு வெளியே போய்விடாது என்பது நம் வாதம். அந்த வாதத்துக்குக் கால் கொடுப்பது அந்தச் சீட்டுத்தான்.

அடுத்தபடி, விற்பனையாளருக்கும் உற்பத்தியாளருக்கும் தனித்தனியே ஸ்பீடு போஸ்டில் கடிதம் எழுத வேண்டும். கோபச் சொற்கள் வேண்டா. தேதிவாரியான பட்டியலும், நாம் கேட்பது இன்னது என்னும் ஒரு வாக்கியமும், பதிலுக்கு ஒரு கெடுவும் போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் முறையிடலாம்.

இவற்றால் பயனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது: நிறுவனத்தின் தலைமையகம் எந்த நகரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். அன்னூர்க்காரர் கோயம்புத்தூருக்குப் போனால் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். குறை நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், சோதிக்க வேண்டிய வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் நீள்வதும் உண்டு. இன்னொன்று: வாணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது, சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக வாங்கியதற்குப் பொருந்தும். மில்லின் பெயரிலும் கடையின் பெயரிலும் கார் வாங்குவோர் இதை முன்னரே எண்ணிப் பார்ப்பது நலம்.

கேட்பதிலும் அளவு வேண்டும். கண்ணாடி ஏறாததற்காகப் புதிய காரே வேண்டும் என்று சிலர் வழக்காடுகிறார்கள். 2006-இல் மாருதி உத்யோக் நிறுவனத்தைப் பற்றிய வழக்கில், வாரண்டியின்படி உற்பத்தியாளரின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றித் தருவதோதான், வண்டியையே மாற்றுவதன்று என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆகவே, பாகத்தை மாற்றுதல், அலைந்த செலவு, பட்ட துன்பத்துக்கு நியாயமான ஈடு, இவற்றைக் கேட்பதே வெற்றிக்கு வழி.

என் மைத்துனரின் கதை என்னவாயிற்று? இருந்த இரண்டு சீட்டுகளும் நல்லவேளையாக வாரண்டிக் காலத்தவை. இரண்டிலும் கண்ணாடிக் குறை எழுதப்பட்டிருந்தது. அவற்றின் நகலோடு கடிதம் போயிற்று. ஒரு மாதத்துக்குள் உற்பத்தியாளர் ஆள் அனுப்பி, ரெகுலேட்டரை இலவசமாக மாற்றித் தந்தார். ஆனால் அலைந்த செலவைக் கேட்டபோது, மற்ற மூன்று முறை வந்ததற்குச் சான்று ஏது என்று திருப்பிக் கேட்டார்கள். சான்று இல்லை, பணமும் இல்லை.

இப்போது அவர் காரில், வண்டிப் புத்தகத்தோடு ஒரு உறை இருக்கிறது. டயருக்குக் காற்றடித்தால்கூடச் சீட்டு வாங்கி அதில் வைக்கிறார் என்று வீட்டார் கேலி செய்கிறார்கள். அவருடைய தாயார் மட்டும் கேலி செய்வதில்லை. சென்ற ஐப்பசி மழையில் அதே இடப்பக்கத்தில், மூடிய கண்ணாடிக்குப் பின்னால், நனையாமல் அமர்ந்து வந்தவர் அல்லவா அவர்!