இருபது வருட எரு

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் ஹூஸ்ஃபீல்டு என்றொரு வயல். 1852-லிருந்து அங்கே பார்லி விதைக்கிறார்கள். அதில் ஒரு துண்டு நிலத்துக்கு, ஹெக்டேருக்கு 35 டன் வீதம் ஆண்டுதோறும் தொழுவுரம் போட்டு, 1871-ஓடு நிறுத்திவிட்டார்கள். அதன்பின் ஒரு கூடை எருகூட விழவில்லை. நூறு வருடம் தாண்டி மண்ணைச் சோதித்தால், எருவே காணாத துண்டைவிட அதில் கார்பன் அப்போதும் கூடுதல்!

பயிர் காற்றிலிருந்து இழுத்த கார்பன்தான் வைக்கோலாக, சாணமாக மண்ணுக்கு வருகிறது. பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மறுபடி காற்றில் விட்டுவிடும். மிச்சம் களித்துகள்களோடு ஒட்டித் தங்கும்.

இதில் ஒன்றை மட்டும் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். எரு போடப் போட கார்பன் ஏறிக்கொண்டே போகாது. அதே பண்ணையின் பிராட்பால்க் கோதுமை வயலில் 1843-ல் தொடங்கிய சோதனையில், முதல் சில பத்தாண்டுகள் மளமளவென்று ஏறியது. பிறகு வேகம் குறைந்தது. இன்று அது எருவில்லாத துண்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

உலக மண்ணின் கார்பனை ஆண்டுக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு உயர்த்தலாம் என்று 2015 பாரிஸ் காலநிலை மாநாட்டில் பிரான்ஸ் ஒரு திட்டம் வைத்தது. ரோதம்ஸ்டெட் ஆய்வாளர்கள் தங்கள் பழைய வயல்களின் கணக்கை வைத்து அதைச் சோதித்தார்கள். எரு கொட்டிய பல துண்டுகளில் அந்த அளவு எட்டியது உண்மைதான். ஆனால் எல்லா விவசாயிகளுக்கும் அவ்வளவு தொழுவுரம் எங்கே கிடைக்கும்? அங்கேதான் கணக்கு இடிக்கிறது.