நீர்வழிப் பாதை – 14: டியூப் போடும் முன் ஒரு படம்

சுரண்டை காய்கறி மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏறும் நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பின்பலகைமேல் ஒரு கால், மூட்டை அடுக்கின்மேல் ஒரு கால் என்று நின்றுதான் ஆட்கள் சரக்கை வாங்குவார்கள். கால் வழுக்கினால், பலகைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கால்கள் தொங்க, கவட்டை நேராக விளிம்பில் போய் மோதும். சைக்கிள் பாரில் விழும் பையனுக்கும், தென்னையிலிருந்து சறுக்கி வேலிக்கல்லில் விழுகிறவருக்கும் இதே அடிதான். வெளியே பெரிய காயம் தெரியாது. சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள்; விழுந்தவரும் கூச்சத்தோடு சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் பாதைக்குச் சிறுநீர்ப் புறவழி என்று பெயர். ஆணுக்கு இது சுமார் 20 செ.மீ. நீளம். புராஸ்டேட் சுரப்பியின் ஊடாக இறங்கி, இடுப்பெலும்புக்கு அடியில் வளைந்து வருகிறது. அந்த வளைவில் மேலே எலும்பு, கீழே லாரிப் பலகை. நடுவில் சிக்கிய குழாய் நசுங்குகிறது. பெண்ணுக்கு நீளம் சுமார் 4 செ.மீ.தான், அதனால் அவர்களுக்கு இந்தக் காயம் அபூர்வம். சாலை விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் வருவது வேறு வகை. அங்கே குழாய் நசுங்குவதில்லை, புராஸ்டேட்டுக்குக் கீழே இழுபட்டுக் கிழிகிறது. சிலருக்கு முழுதாக அறுந்தே போகிறது.

அடிபட்ட பிறகு சிறுநீர்த் துவாரத்தின் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலே போதும், புறவழியில் காயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒண்ணுக்கு முட்டும், ஆனால் வராது. அடிவயிறு உப்பும். விதைப்பையும் கவட்டையும் கறுத்து வீங்கும். நம் ஊரில் உடனே செய்வது, “இளநி குடி, தானா போயிரும்” என்று குடிக்கவைத்து, முக்கச் சொல்வது. கிழிந்த இடம் வழியாக மூத்திரம் சதைக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க அது ஒன்றே காரணமாகிவிடலாம்.

அடுத்த ஆபத்து ஆஸ்பத்திரியில். சிறுநீர் அடைப்பு என்றதும் டியூப் போட வரும் அவசரம். பாதி கிழிந்த குழாயில் குருட்டாம்போக்கில் டியூப்பைத் தள்ளினால் மீதியும் கிழியும். முதலில் எடுக்க வேண்டியது ஒரு எக்ஸ்ரே. நோயாளியைச் சற்றே ஒருக்களித்துப் படுக்கவைத்து, துவாரத்தின் வழியாக ஒரு சாய மருந்தை மெதுவாக ஏற்றிப் படம் பிடிப்பார்கள். சாயம் சிறுநீர்ப்பைவரை கோடாக ஓடினால் பாதை நன்றாக இருக்கிறது. நடுவில் மேகம்போல் கலைந்து பரவினால் அதுதான் கிழிசல். பெரிய கிழிசலுக்குப் பெரும்பாலும் அடிவயிற்றில் சிறு துளையிட்டு, சிறுநீர்ப்பைக்குள் நேரடியாக டியூப் வைத்துவிடுவார்கள். சில இடங்களில் கேமரா துணையோடு கிழிசலைக் கடந்து டியூப் வைப்பதும் உண்டு.

இடுப்பெலும்பு முறிந்து குழாய் அறுந்தவருக்குப் பெரிய ஆபரேஷன் சுமார் மூன்று மாதம் கழித்துத்தான். வீட்டார் பொறுமை இழப்பது இங்கேதான். “மூணு மாசமா பையைக் கட்டிக்கிட்டுத் திரியணுமா?” என்று ஆஸ்பத்திரி மாற்றுகிறார்கள். உள்ளே தேங்கிய ரத்தம் வடிந்து, தசை ஆறினால்தான் தையல் நிற்கும். எலும்பு முறிவின்போதே நரம்பும் அடிபட்டு, சிலருக்கு ஆண்மைக் குறைவும் வரும். அதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கத் தயங்க வேண்டாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

கவட்டை அடி ஏமாற்றுவது வேறு விதமாக. அன்றைக்கு ரத்தம் நின்றுவிடும். தழும்பு மெல்ல இறுகி, மாதங்களோ வருடங்களோ கழித்துத் தாரை மெலியும். பள்ளியில் சைக்கிளில் விழுந்ததை வீட்டில் சொல்லாத பையன், கல்யாண வயதில் டாக்டரிடம் வருகிறான். மீட்டரில் சிறுநீர் கழித்துப் பார்த்தால், நொடிக்கு 15 மி.லி.க்கு மேல் போக வேண்டிய இடத்தில் 5, 6 என்று காட்டும்.

கம்பி விட்டு விரிப்பது, உள்ளே கத்தியால் கீறிவிடுவது இரண்டும் எளிது. முதல் தடவை செய்து பார்க்கலாம். திரும்பத் திரும்ப அதையே செய்துகொள்வது வைத்தியம் இல்லை, வாடகை. இறுகிய துண்டு சின்னதாக இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு நல்ல முனைகளை இணைக்கலாம். பத்தில் ஒன்பது பேருக்கு இது நிலைக்கிறது. நீளமாக இருந்தால் கன்னத்தின் உள்தோலை எடுத்து ஒட்டுவார்கள். எப்போதும் ஈரத்தில் இருந்தே பழகிய தோல் அது. 1894-லேயே சபெஷ்கோ என்ற டாக்டர் வாய்த்தோலை இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் பாக்கும் பான் மசாலாவும் மென்று கன்னம் இறுகி, வாய் திறக்க முடியாதவருக்கு அந்தத் தோல் உதவாது. நாக்கின் அடிப்பக்கம் போன்ற இடங்களைத் தேட வேண்டிவரும்.

டியூப்பாலேயே வரும் காயமும் உண்டு. சிறுநீர் வந்து, டியூப் முழுக்க உள்ளே போன பிறகுதான் நுனியில் இருக்கும் பலூனை ஊத வேண்டும். வழியிலேயே ஊதினால் புறவழி கிழியும். வீட்டில் டியூப்போடு படுத்திருக்கும் பெரியவர் இருந்தால், அதைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவையுங்கள். தூக்கக் கலக்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

கவட்டையில் அடிபட்டு ரத்தம் கசிந்தால் தண்ணீர் குடிக்கவைக்காதீர்கள், முக்கச் சொல்லாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். டியூப் போட வருகிறவரிடம், “நுனியில ரத்தம் வந்துச்சு, படம் எடுத்துட்டுப் போடலாமா டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)