சர்ச்சுக்குள் கீபோர்டு ஓகே... பறைக்கு மட்டும் ஏன் தயக்கம்?

பாலக்கோடு மாதிரி ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் கீபோர்டு, கிட்டார், ரிதம் பேட் எல்லாம் சகஜம். ஊர்த் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அதிரும் பறை மட்டும் பல சர்ச்சுகளில் வாசலோடு நின்றுவிடுகிறது. ஏன்?

முதலில் வந்த இசை எது?

1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தொடங்கி, ஜெர்மன் மிஷனரிகள் தங்கள் நாட்டு மெட்டிலேயே தமிழில் பாட வைத்தார்கள். இன்றும் பாடப்படும் ஞானப்பாட்டுகள் இந்த வழியில் வந்தவைதான். அதாவது, வார்த்தை நம்முடையது, மெட்டு அவர்களுடையது.

கர்னாடக இசை எப்படி உள்ளே வந்தது?

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) ராகம், தாளத்தோடு கிறிஸ்தவப் பாடல்களை எழுதினார். 'பெத்லகேம் குறவஞ்சி' அவருடையதுதான். கத்தோலிக்கத் திருப்பலியில் லத்தீன்தான் ஆட்சி செய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட வழிபாட்டு ஏடுதான் உள்ளூர் மொழிக்கும் இசைக்கும் கதவைத் திறந்தது.

அப்போ பறைக்கு என்ன பிரச்சினை?

இசையில் எந்தப் பிரச்சினையும் இல்லை, சாதியில்தான். பறையடிப்பது தலித் மக்கள் மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலை. சாவோடு சேர்த்து, 'தீட்டு' என்று ஒதுக்கினார்கள். அந்த அவமானமே வேண்டாம் என்று மதம் மாறிய குடும்பங்களில் சிலருக்கும், 'மறுபடியும் அதே கருவியா?' என்ற தயக்கம் இருந்தது. அதில் நியாயமும் இருக்கு.

மாற்றியது யார்?

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று சொன்னால் பலருக்கும் தெரியும். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் முழு வழிபாட்டையே அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாடலாம், தங்கள் ஊருக்கு ஏற்ப மாத்திக்கலாம் என்பதுதான் நாட்டுப்புற இசையின் பலம் என்றார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதையே நற்செய்தியாகப் பார்த்தார். 2005-ல் மறைந்தார். இவரது இசையைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் எழுதிய புத்தகம் 2014-ல் வெளியானது.

இன்றைக்கு?

ரிதம் பேடில் பறை சத்தத்தை ஏற்றி வாசித்தால் பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே தாளத்தை, தோளில் பறையைத் தொங்கவிட்டு ஒருவர் வந்து அடித்தால்தான் முணுமுணுப்பு கிளம்புது. சத்தம் ஒண்ணுதான். அப்படின்னா தடுக்கப்படுவது கருவியா, ஆளா? அடுத்த முறை உங்க சர்ச் பாடகர் குழுவில் இந்தப் பேச்சு வந்தால், முதலில் இதைக் கேளுங்கள்.