சபை மௌனமானால் வதந்தி பேசும்

1978 செப்டம்பர் 28-ஆம் தேதி இரவு, தேர்ந்தெடுக்கப்பட்டு 33 நாட்களே ஆகியிருந்த போப் முதலாம் ஜான் பால் தம் படுக்கையறையில் இறந்துபோனார். மறுநாள் விடியற்காலை அவரை முதலில் கண்டவர் ஓர் அருள்சகோதரி. வத்திக்கானின் அறிவிப்போ, செயலராக இருந்த குருவானவர்தான் முதலில் கண்டார் என்றது. போப்பாண்டவரின் அறைக்குள் ஒரு பெண் நுழைந்ததைச் சொல்லத் தயங்கியதால் வந்த மாற்றம் அது. உண்மை மெல்லக் கசிந்தபோது, இதில் பொய் சொன்னவர்கள் வேறெதில் சொல்லவில்லை என்று உலகம் கேட்டது. இது கொலை என்று வாதிட்டு 1984-இல் டேவிட் யாலப் எழுதிய புத்தகம் பல நாடுகளில் பரபரப்பாக விற்றது. இத்தாலியப் பத்திரிகையாளர் ஸ்டெஃபானியா ஃபலாஸ்கா ஆவணங்களையும் சாட்சியங்களையும் திரட்டி, நடந்ததை நடந்தபடி நூலாக்கியது 2017-இல்தான். ஒரு சிறு மறைப்பு, ஏறத்தாழ நாற்பது ஆண்டு வதந்திக்கு விதையானது.

2025-இல் வத்திக்கான் வேறு வழியில் நடந்தது. பிப்ரவரி 14 அன்று போப் பிரான்சிஸ் ரோமின் ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் இறந்துவிட்டதாகச் சமூக வலைத்தளங்களில் புரளி கிளம்பியது. செயற்கை நுண்ணறிவால் செய்த போலிப் படங்களும் உலவின. வத்திக்கான் செய்தி அலுவலகம் ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டிருக்காமல், காலையில் ஒரு சிறு குறிப்பு, மாலையில் மருத்துவ அறிக்கை என்ற ஒழுங்கைக் கைக்கொண்டது. இரவு அமைதியாகக் கழிந்தது என்ற ஒற்றை வரியே பல நாட்களின் காலைச் செய்தி. நிலைமை மோசமானபோது மோசம் என்றே சொன்னார்கள்: பிப்ரவரி 22-இல் மூச்சுத்திணறல், ஆக்சிஜன், இரத்தம் ஏற்றியது எல்லாம் அறிக்கையில் வந்தன. நோய் எப்படிப் போகும் என்று இப்போது கூற இயலாது என்பதையும் மறைக்கவில்லை. ஏப்ரல் 21 காலை 7.35-க்கு அவர் மறைந்த செய்தியை, இரண்டு மணி நேரம் கழிந்த சற்று நேரத்தில் கர்தினால் கெவின் ஃபாரெல் அறிவித்தார். அன்று மாலையே இறப்புக்கான காரணமும் வெளியானது. புரளிகள் எழாமல் இல்லை. ஆனால் அவை வேர்பிடிக்க வெற்றிடம் கிடைக்கவில்லை.

நம்மூர் ஆயருக்கும் பங்குத்தந்தைக்கும் போதகருக்கும் இதில் பாடம் உண்டு. சபையின் பொதுச் செய்திக்கு அழகான படமோ பின்னணி இசையோ முக்கியமல்ல. சொல்பவர் யார், எப்போது சொன்னார், எது உறுதி, அடுத்த தகவல் எப்போது என்ற நான்கும் முக்கியம். ‘மழையால் இன்றைய தேர்ப்பவனி நாளை மாலை 6 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. மீண்டும் மாற்றம் இருந்தால் நாளை காலை 10 மணிக்குத் தெரிவிப்போம். பங்குத்தந்தை’ என்று தேதியோடு போட்டால் போதும். தேதியில்லாத அறிவிப்பு வாட்ஸ்அப்பில் அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கும் சுற்றி வந்து மக்களை அலைக்கழிக்கும். நன்கொடைக்கான வங்கிக் கணக்கு எண்ணைச் சபையின் அதிகாரபூர்வப் பக்கத்தில் மட்டுமே வெளியிடுவது, குருவானவர் பெயரில் போலிக் கணக்கு திறந்து பணம் கேட்பவர்களிடமிருந்து மக்களைக் காக்கும். வேறு ஊருக்கு மாற்றலாகும் குருவானவரோடு பக்கமும் போய்விடாதபடி, கணக்கு சபையின் பெயரில் இருப்பது நல்லது. கைபேசி இல்லாத முதியவர்களுக்காக அதே வாசகத்தை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஞாயிறு வழிபாட்டிலும் வாசிக்க வேண்டும்.

திருப்பணியின் மாண்பு சமூக வலைத்தளத்தில் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. கருவி புதிதாக வந்தபோதெல்லாம் எழுந்த அச்சம்தான் இது. 1931-இல் மார்க்கோனியே அமைத்துக்கொடுத்த வத்திக்கான் வானொலி நிலையத்தில் போப் பதினோராம் பயஸ் பேசினார். 2012 டிசம்பர் 12-இல், 85 வயதில், பதினாறாம் பெனடிக்ட் ட்விட்டரில் முதல் செய்தியை வெளியிட்டார். மாண்பைக் காப்பதும் கெடுப்பதும் எதைச் சொல்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதே. 2025 மார்ச் 16-இல் வெளியான படத்தில் பிரான்சிஸ் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் பீடத்தின் முன் அமர்ந்திருந்தார். படம் எடுக்கப்பட்டது பின்னாலிருந்து. அவர் உயிரோடு இருக்கிறார், செபிக்கிறார் என்பதை மக்கள் கண்டார்கள். நோயுற்ற முகத்தைக் காட்சிப்பொருளாக்கவில்லை. ஒரு போப்பாண்டவருக்குக் கிடைத்த இந்த மரியாதை, படுக்கையில் கிடக்கும் எந்தப் பங்கு உறுப்பினருக்கும் உரியது. செபம் கேட்கும் பதிவானாலும் நோயின் பெயரையும் படத்தையும் அவருடைய இசைவின்றிப் போடக் கூடாது.

கடினமான கேள்வி, குற்றச்சாட்டு எழும்போது வருகிறது. விசாரணை முடியும்வரை பேசக் கூடாது என்ற சட்ட ஆலோசனையில் நியாயம் இருக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் விவரங்களைச் சொல்லாமலிருப்பது வேறு, ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பது வேறு. புகார் வந்திருக்கிறது, காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டது, குற்றம்சாட்டப்பட்டவர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார், பாதிக்கப்பட்டவர்கள் இன்னாரை அணுகலாம் என்று சொல்வதால் விசாரணை கெடாது. அதையும் சொல்லாத மௌனம் யாரைக் காக்கிறது என்பதை மக்கள் சரியாகவே ஊகித்துக்கொள்கிறார்கள்.

சொல்வதோடு கேட்கவும் வேண்டும். யூதர் படுகொலையை மறுத்துப் பேசிய வில்லியம்சன் என்ற ஆயர்மீதான திருச்சபை விலக்கை 2009 ஜனவரியில் பெனடிக்ட் நீக்கியபோது உலகமே கொதித்தது. இணையத்தில் பார்த்திருந்தாலே முன்கூட்டித் தெரிந்திருக்கும் என்று தமக்குச் சொல்லப்பட்டதை, மார்ச் 10-இல் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒளிக்காமல் எழுதினார்; இனி அந்தச் செய்தி வழியில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பதே தமது பாடம் என்றார். போப்பாண்டவரே அதை ஏற்றுக்கொண்ட பிறகு, சபைத் தலைவர்கள் தயங்கக் காரணமில்லை. மக்கள் கேட்கும் கேள்விகளைப் படியுங்கள், தவறாகச் சொன்னதை அதே பக்கத்திலேயே திருத்துங்கள், தெரிந்ததை உங்கள் பெயரிட்டு நேரத்துக்குச் சொல்லுங்கள். உங்கள் மக்கள் உங்களைப் பற்றிய செய்தியை முதலில் உங்களிடமிருந்தே கேட்க உரிமை பெற்றவர்கள்.