வந்த வழியும் பரவும் வழியும்

ஓரிடத்துக்கு உரியதல்லாத செடியோ விலங்கோ மனிதரால் கொண்டுவரப்பட்டு, அங்கே தடையின்றிப் பெருகி, உள்ளூர் உயிர்களையும் விளைச்சலையும் நலியச் செய்யுமானால், அதனை ஆக்கிரமிப்பு அயல் உயிரினம் என்பர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் இதனை மக்களுக்கு விளக்குவது தாவரவியலோடு முடியும் பணியன்று. போரின் நினைவு ஆறாத மண்ணில், வெளியிலிருந்து வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டது என்ற பேச்சு செடியை மட்டும் குறித்ததாக ஒலிப்பதில்லை.

பார்த்தீனியம் இதற்குத் தக்க சான்று. அமெரிக்க வெப்பமண்டலத்துக்குரிய இக்களை 1950களில் இந்தியாவில் பரவத் தொடங்கியது. இலங்கையில் 1999இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்ட இது, 1987இல் வந்து 1990 மார்ச்சில் திருகோணமலையிலிருந்து கப்பலேறிய இந்திய அமைதிப்படையின் உணவுக்கான ஆடுகளோடு வந்திருக்கலாம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. அந்த வரலாறு மறைக்கத்தக்கதன்று. ஆயினும் அதை மட்டுமே கேட்பவர் மனத்தில் பழைய கசப்பு மிஞ்சுமேயன்றி, வயலில் செய்யவேண்டியது எதுவும் தங்காது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும் என்பதையும், அவை உழவு இயந்திரச் சக்கரத்தின் சேற்றிலும் மாட்டுச் சாணத்திலும் மணல் லொறியிலும் ஊர்விட்டு ஊர் செல்லும் என்பதையும், தொடுவோரில் சிலருக்குத் தோல் அழற்சியும் மூச்சிரைப்பும் உண்டாவதால் பூக்குமுன்னரே கையுறையணிந்து வேரோடு பிடுங்கவேண்டும் என்பதையும் விவசாயப் போதனாசிரியர் வரப்பில் நின்று காட்டினால், கந்தளாயின் நெல் விவசாயிக்கும் மூதூரில் மாடு வளர்ப்பவருக்கும் அது ஒருங்கே பயன்படும். சட்டம் தனித்து இத்தகைய பரவலைத் தடுப்பதில்லை: அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டும், அது இன்றும் இலங்கைக் குளங்களில் மிதக்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்தில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. சரக்கில்லாத கப்பல் தளம்பாதிருக்கத் தொட்டிகளில் ஏற்றும் கடல்நீரான நிலைப்படுத்து நீரில் நுண்ணுயிர்களும் சிப்பிகளின் இளம் பருவங்களும் பயணம் செய்கின்றன. இதனை ஒழுங்குபடுத்த 2004இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. கோதுமையும் சிமெந்துக்கான கிளிங்கரும் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் கப்பல் இங்குள்ள நீரையே ஏற்றிச் செல்வதால், திருகோணமலை அயல் உயிரினங்களைப் பெறும் இடம் மட்டுமன்று, பிற நாடுகளுக்கு அனுப்பக்கூடிய இடமும் ஆகும். இவ்வுண்மையைக் கேட்ட பின்னர் எந்தச் சமூகமும் தன்னைக் குற்றஞ்சாட்டப்பட்டதாக உணர வேண்டியதில்லை. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிவரும் உயிர்களோ உடன்படிக்கைக்கு அகப்படாதவை. பழக்கமற்ற சிப்பியொன்று வலையிலோ வள்ளத்திலோ ஒட்டினால் முதலில் காண்பவர் மீனவரே என்பதால், அதை எடுத்துச் சென்று காட்டத்தக்க அலுவலர் யாரென்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் மீனவர் சங்கங்களுக்கு அறிவித்து, கொண்டுவந்தவருக்கு அது இன்னதென்று திருப்பிச் சொல்லும் வழக்கத்தையும் ஏற்படுத்த வேண்டும்.