வீட்டுக் கடனை மாற்றும் முன்: கையெழுத்து வேறு, உரிமை வேறு

மாதத் தவணை குறையும் என்று வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றும் குடும்பங்கள் நம் சாத்தாங்காட்டிலும் உண்டு. வட்டி பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கடனில் இருப்போருக்காகச் சட்டப் பொறுப்பை மட்டும் இங்கே விளக்குகிறோம்.

பத்திரத்தில் பெயர் உள்ளவரே வீட்டுக்கு உரிமையாளர். கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால் மட்டும் மனைவிக்கு வீட்டில் பங்கு வந்துவிடாது. ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43ஆம் பிரிவின்படி, முழுக் கடனையும் அவர் ஒருவரிடமே வங்கி கேட்கலாம். தலாக், குலா ஆனாலும் இந்தப் பொறுப்பு நீங்காது.

கணவர் மவுத்தானால் அவருடைய சொத்திலிருந்து மஹர் பாக்கி உட்படக் கடன்கள் தீர்ந்த பிறகே வாரிசுப் பங்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. வங்கிக்கோ அவர் முழுக் கடனுக்கும் பொறுப்பாளி.

வங்கி மாறும்போது புது ஒப்பந்தம் எழுதப்படுகிறது. பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ பேச அதுவே நேரம். தொழிலுக்கென்று ‘டாப்-அப்’ வாங்கினால் அதற்கும் கையெழுத்திட்ட இருவரும் பொறுப்பு. மனைவிக்குப் பங்கு கொடுக்க நினைப்பவர்கள் வங்கியின் சம்மதம் பெற்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கடன் தீர்ந்த 30 நாளில் மூலப் பத்திரம் திரும்ப வேண்டும். வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எழுதியதை வாசித்துப் புரிந்துகொள்வதும் நம் கடமை. ஒப்பந்த நகலுடன் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். தம்பதியர் இருவருக்கும் வாசித்து விளக்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.